நொய்யலில் டயட்டம் மாதிரி எடுப்பது எப்படி?

கேள்வி: கோவையில் முதுகலை தாவரவியல் படிக்கிறேன். நொய்யல் ஆற்றின் நீர்த்தரத்தை டயட்டங்களை (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளை) வைத்து மதிப்பிட விரும்புகிறேன். சேற்றில் எடுப்பதா, கல்லிலா?

பதில்: கல்தான், தம்பி. வெயில் படும் ஓட்டத்தில், நீரில் மூழ்கியே கிடந்த கற்கள் குறைந்தது ஐந்து எடு. தொட்டால் வழுக்கும் பழுப்புப் படலம்தான் உனக்கு வேண்டியது. பிரஷால் தேய்த்துத் தட்டில் கழுவிச் சேர்த்துக்கொள். ஒவ்வோர் இடத்துக்கும் புதிய பிரஷ்! பழையதில் ஒட்டிய ஓடுகள் கணக்கையே கெடுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் சிலிக்கா ஓடு மட்டும் மிஞ்சும். அதன் வரிகளைப் பார்த்துத்தான் இனம் பிரிக்க முடியும்.

மற்றொருவர்: 300 முதல் 500 ஓடுகள் எண்ணுங்கள். நிட்சியா பேலியா என்ற டயட்டம் இனம் மிகுந்திருந்தால் கழிவுநீர்க் கலப்பைச் சந்தேகிக்கலாம். திருப்பூருக்குக் கீழே சாயக்கழிவின் உப்பும் உண்டு, உப்பு கூடினால் உயரும் மின்கடத்துத்திறனையும் அளந்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. வெள்ளம் வடிந்ததும் போகலாமா?

பதில்: வேண்டாம், படலம் உரிந்திருக்கும். நான்கு வாரம் பொறு.