ஜாங்கோ மாடல் மாற்றங்களுக்கான எஸ்க்யூஎல்லை மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். பைத்தான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவைப் பயன்படுத்துகிறோம். எங்கள் அலுவலகத்தில் நேரலைத் தரவுத்தளத்தில், மாடல் மாற்றங்களைச் செயல்படுத்தும் மைக்ரேட் கட்டளையை இயக்க நிரலாளர்களுக்கு அனுமதி இல்லை. எஸ்க்யூஎல்லை (தரவுத்தளத்துக்கான கட்டளைமொழி) எழுதிக் கொடுத்தால், தரவுத்தள நிர்வாகி அதைப் படித்துப் பார்த்துத் தாமே இயக்குவார். மாடல்களுக்கான எஸ்க்யூஎல்லை அச்சிடுவதாகப் பழைய குறிப்புகள் சொல்லும் எஸ்க்யூஎல்ஆல் என்ற கட்டளை எங்களிடமுள்ள ஜாங்கோ 4.2-இல் இல்லை. ரசீது மாடலில் (தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் பைத்தான் வகுப்பு) 'நிலை' என்ற புலத்தை இயல்பு மதிப்போடு சேர்த்திருக்கிறேன், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். வழி என்ன?

பதில் 1:
2014-இல் வெளிவந்த 1.7 பதிப்பிலேயே மைக்ரேஷன் (மாடல் மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் முறை) ஜாங்கோவின் பகுதியாகிவிட்டது, எஸ்க்யூஎல்ஆல் 1.9-இல் நீக்கப்பட்டது. இப்போது எஸ்க்யூஎல் மாடலிலிருந்து நேராக வருவதில்லை, மைக்ரேஷன் கோப்பிலிருந்துதான் வருகிறது. ஆகவே முதலில் அந்தக் கோப்பை உருவாக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை இயக்குங்கள். பிறகு எஸ்க்யூஎல்மைக்ரேட் கட்டளைக்குச் செயலியின் பெயரையும் மைக்ரேஷன் எண்ணையும் கொடுங்கள். அது தரவுத்தளத்தில் எதையும் மாற்றாமல் கட்டளைகளை அச்சிடும். பேக்வர்ட்ஸ் விருப்பத்தைச் சேர்த்தால், மாற்றத்தைத் திரும்பப் பெறும் எஸ்க்யூஎல்லும் கிடைக்கும்; நிர்வாகிக்கு இரண்டையும் கொடுப்பது நல்லது. போஸ்ட்கிரெஸ் இணைப்போடுதான் இயக்க வேண்டும், ஏனெனில் வேறொரு தரவுத்தளமான எஸ்க்யூலைட்டில் இயக்கினால் வேறு எஸ்க்யூஎல் வரும்.

பதில் 2:
வெளியீட்டை வரி வரியாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் புலத்துக்கு இரண்டு ஆல்டர் டேபிள் (அட்டவணையை மாற்றும்) கட்டளைகள் வரும்: முதலாவது, டீஃபால்ட் (இயல்பு) மதிப்போடும் நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது) நிபந்தனையோடும் நெடுவரிசையைச் சேர்க்கும், இரண்டாவது, அந்த டீஃபால்ட்டை நீக்கிவிடும். மாடலில் எழுதும் இயல்பு மதிப்பை ஜாங்கோ பைத்தான் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் காரணம். அதே அட்டவணையில் வேறொரு நிரல் நேரடியாக வரிசைகளைச் சேர்க்குமானால், 'நிலை' இல்லாத இன்சர்ட் அனைத்தும் அந்த நொடியிலிருந்து பிழையாகும். டீஃபால்ட் தரவுத்தளத்திலேயே நிலைக்க ஜாங்கோ 5.0-இல் டிபி_டீஃபால்ட் என்ற புல விருப்பம் வந்துவிட்டது, 4.2-இல் அதே மைக்ரேஷனில் நாமே எழுதும் எஸ்க்யூஎல்லை இயக்கும் ஒரு ரன்எஸ்க்யூஎல் சேர்த்து டீஃபால்ட்டை மீண்டும் அமைக்கலாம், அந்த வரியும் வெளியீட்டில் தெரியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரவில் இயங்கும் ஓர் இறக்குமதி நிரல் அந்த அட்டவணையில் நேரடியாகத்தான் எழுதுகிறது, ரன்எஸ்க்யூஎல் சேர்த்துவிடுகிறேன். அடுத்த மைக்ரேஷனில் பைத்தான் நிரலை இயக்கும் ரன்பைத்தான் இருக்கிறது. அதற்கும் எஸ்க்யூஎல் வருமா?

பதில் 1:
வராது, எஸ்க்யூஎல்லாக எழுத இயலாது என்ற குறிப்பு மட்டுமே அச்சாகும். தரவு மாற்றம் எளிதானது என்றால், அதை அப்டேட் கட்டளையாக ரன்எஸ்க்யூஎல்லில் எழுதுங்கள். நிர்வாகி இயக்கி முடித்ததும், மைக்ரேட் கட்டளையை ஃபேக் விருப்பத்தோடு (எஸ்க்யூஎல்லை இயக்காமல், முடிந்ததாகப் பதிவு மட்டும் செய்யும்) அந்த எண்வரை இயக்கித் தரும்படி அவரிடமே கேளுங்கள். ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் அட்டவணையில் பதிவு இல்லையென்றால், அடுத்த முறை ஜாங்கோ அதே நெடுவரிசையை மறுபடி சேர்க்க முயன்று, ஏற்கெனவே உள்ளது என்ற பிழையோடு நின்றுவிடும்.