அட்டை முறையில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் உதவ முடியுமா?
வணக்கம். பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் முதலிலிருந்து ஒன்றைத் தொடங்கினால் எப்படி அமைப்பீர்கள்? ஆசிரியர் பயிற்சியில் எங்கள் குழுவுக்கு வந்த ஒப்படைப்பு இது. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சமும் அதுதான். கூடவே ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். இவற்றைத் தொடக்கூடாது, மற்றதை எல்லாம் மாற்றலாம்.

வயதுவாரி வகுப்பைத் தூக்கிவிட்டோம். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவாகி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகள்தான் எங்கள் அடிப்படை. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக வரிசையில் இருக்கும்; ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போய், பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும். சரி, 30 பிள்ளைகள் 30 படியில் நின்றால் ஒரே ஆசிரியர் எப்படிக் கவனிப்பார்?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: யார் எந்தப் படியில் என்று எப்படிக் குறித்து வைத்தீர்கள்? கதைக்கும் பாட்டுக்கும் எல்லாரையும் எப்போது சேர்த்து உட்காரவைத்தீர்கள்? "வீட்டுப்பாடமே இல்லையா?" என்று கேட்ட பெற்றோரிடம் என்ன சொன்னீர்கள்? (எங்கள் குழுவில் பெரிய சண்டையே இதில்தான்.) பழைய ஏணிப்படி அட்டவணைப் படம் இருந்தால் போடுங்கள். ஃபின்லாந்துப் பள்ளி உதாரணம் மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே மூன்று குழுக்கள் எடுத்துவிட்டன. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.