புருஷன் கையெழுத்து கேட்குறாங்களா, இல்லையா?

செக்காலை மருந்துக்கடை: காரைக்குடி ஏழைப் பொம்பளைங்களுக்குக் கருத்தடை வசதி எட்டாக்கனியா இருக்குன்னு நேத்து ஒரு தங்கச்சி இங்க எழுதியிருந்துச்சு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர்-டி அரசு ஆஸ்பத்திரியில இலவசம். மாலா-என் மாத்திரை இலவசம். 3 மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா ஊசியும் இலவசம். இதுக்கு மேல வீட்டுக்கு வந்து ஊட்டி விடணுமா? போகாததுக்குப் பேரு சோம்பல்.

கழனிவாசல் அக்கா: நான்தாண்ணே அந்தத் தங்கச்சி. இலவசம்தான், யாரு இல்லன்னா? போய் நின்னா "வீட்டுக்காரரைக் கூட்டியா, கையெழுத்துப் போடணும்"ங்கிறாங்க. எங்க தெருப் பிள்ளை ஒண்ணு ரெண்டாவது பிரசவத்தோட குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு கேட்டுச்சு. புருஷன் திருப்பூர்ல. திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப மூணாவது வயித்துல. சித்தாள் வேலையும் போச்சு. சோம்பலாம்ல!

செக்காலை மருந்துக்கடை: கையெழுத்தெல்லாம் கேட்க மாட்டாங்க. துணைவர் சம்மதம் தேவையில்லைன்னு மத்திய அரசு விதிமுறையிலயே இருக்கு. எங்கப்பா காலத்துல இருந்து மருந்துக்கடை வச்சிருக்கோம், எனக்குத் தெரியாதா?

கழனிவாசல் அக்கா: மருந்துக்கடை வச்சிருந்தா பிரசவ வார்டு தெரிஞ்சிடுமா? விதிமுறையைப் படிச்சுட்டா அங்க உக்காந்திருக்காங்க? கேட்குறாங்கண்ணே. கேட்குறாங்க.

ரிட்டயர்டு நர்ஸம்மா: கேட்போம்தான். "யாரைக் கேட்டு எம்பொண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணுன"ன்னு குடிச்சிட்டு வந்து நிக்கிறவனுக்கு நீங்களா பதில் சொல்வீங்க? ஆனா கையெழுத்து மட்டும் இல்லப்பா. அந்தரா போட்டா சில பேருக்கு மாசம் வராது, சில பேருக்குத் திட்டுத்திட்டா பட்டுக்கிட்டே இருக்கும். ஒத்தை ரூம் வீட்டுல மாமியாருக்குத் தெரியாம எப்படி மறைக்கிறது? மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வச்சிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கேன். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடும்னு ஒருத்தி கிளப்பி விட்டா, அந்தத் தெருவே வராது.

செக்காலை மருந்துக்கடை: பாத்தீங்களா, நர்ஸம்மாவே வதந்திதான் காரணம்னு சொல்லிட்டாங்க.

கழனிவாசல் அக்கா: "கேட்போம்தான்"னு முதல் வரியில சொன்னது கண்ணுல படலையா?

தேவகோட்டை தம்பி: அண்ணன் கடையில 72 மணி நேரத்துக்குள்ள போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டுப் பாருங்க. மேலயும் கீழயும் பார்த்துட்டு "ஸ்டாக் இல்ல"ம்பாரு. நிரோத் ஆணுறை கேட்டா நாலு பேருக்குக் கேட்குற மாதிரி "எத்தனை?"ம்பாரு. இவரு சோம்பலைப் பத்திப் பேசுறாரு.

செக்காலை மருந்துக்கடை: வந்துட்டாருய்யா. தம்பி, எந்த ஊர்ல ரயில் நிக்கணும்ங்கிற சண்டையில அன்னிக்கு எங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதலையா? 2024-ல நாங்க மாநகராட்சி ஆனதுல இருந்தே உங்க ஊருக்கு வயித்தெரிச்சல்.

தேவகோட்டை தம்பி: மாநகராட்சி ஆகி என்ன, முதல்ல சாக்கடையை மூடுங்க.

கழனிவாசல் அக்கா: சாக்கடையை அப்புறம் பார்ப்போம். ஆம்பளை ஆபரேஷனுக்குப் பொண்டாட்டி கையெழுத்தை எவனாச்சும் கேட்டிருக்கானா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. நம்ம மாநிலத்துல 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள கல்யாணமான பொம்பளைங்கள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பாதிக்கு மேல. ஆம்பளைங்க 100-க்கு ஒருத்தர் கூடத் தேறல. அண்ணன் எந்தக் கணக்குல வர்றாரு?

செக்காலை மருந்துக்கடை: என் சொந்த விஷயம் இங்க எதுக்கு?

ரிட்டயர்டு நர்ஸம்மா: அதானே, அதைக் கேட்டா மட்டும் சொந்த விஷயம்.

செக்காலை மருந்துக்கடை: நர்ஸம்மா, நீங்களுமா? சரி, கையெழுத்து கேட்ட ஃபாரத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க. அதுவரைக்கும் நான் சொன்னதுதான். கேட்க மாட்டாங்க.

கழனிவாசல் அக்கா: வாயால கேட்குறதை எப்படிண்ணே போட்டோ எடுக்கிறது?

செக்காலை மருந்துக்கடை: ஆதாரம் இல்லன்னு சொல்லுங்க.

தேவகோட்டை தம்பி: அண்ணே, கடை எத்தனை மணி வரைக்கும்? நேர்லயே வர்றேன்.

செக்காலை மருந்துக்கடை: ஒன்பதரை. ரயில் கணக்கையும் சேர்த்து எடுத்துட்டு வா.