களர்ப் புல்வெளியில் சீமைச்சாமந்தி: உப்பு மண்தான் மணத்தைத் தருகிறதா?

கேள்வி – டெப்ரெட்சென் மாணவி

வணக்கம். நான் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் மருத்துவம் படித்து வருகிறேன். மே மாத நடுவில் அருகிலுள்ள ஹொர்டொபாஜ் புல்வெளிக்குச் சென்றிருந்தபோது, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி, மஞ்சள் நடுவும் வெள்ளை இதழ்களுமாகத் திட்டுத் திட்டாகப் பூத்துக் கிடந்ததைக் கண்டேன். எங்கள் ஊரில் களர் பிடித்த வயலைப் போலவே அங்கேயும் மண் வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதில் இப்படியொரு நறுமணம், அதுவும் கனிந்த ஆப்பிளை நினைவூட்டும் மணம், எழுந்தது வியப்பாக இருந்தது. இங்குள்ளவர்கள் இதைக் 'கமில்லா' என்கிறார்கள். நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் சீமைச்சாமந்தி இதுதானா? உப்பு மண்ணால்தான் மணம் கூடுகிறதா? மாமாவின் களர் நிலம் கடலூர் பக்கம் சும்மா கிடக்கிறது. அங்கே இதை வளர்க்க முடியுமா?

பதில் – மண்ணியல் படித்தவர்

நீங்கள் கண்டது சீமைச்சாமந்தியாகவே இருக்கக்கூடும். ஹொர்டொபாஜ் அடங்கிய ஹங்கேரியப் பெருஞ்சமவெளியில் காட்டுச்செடியாக விளையும் கமில்லாப் பூவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பே வழங்கியிருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உவரையும் களரையும் பலர் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும், நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் அவை கழுவிப் போகும். களர் நிலத்திலோ சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, கார அமில நிலையை 8.5-க்கு மேல் ஏற்றி, மண்ணின் கட்டமைப்பையே சிதைத்துவிடுவதால், மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் அது மாறிவிடுகிறது. ஹொர்டொபாஜ் பெரும்பாலும் இரண்டாவது வகை. அங்கே ஒரு சாண் மேடு பள்ளம்கூடச் செடிகளின் கூட்டத்தையே மாற்றிவிடும்: மேட்டில் ஒரு வகைப் புல், அரித்துப்போன படியின் ஓரத்தில் மாசிபத்திரியின் உறவான ஒரு காட்டுச்செடி, அதற்குக் கீழே ஏறக்குறைய வெறும் தரை.

அந்த வெறும் தரைதான் சீமைச்சாமந்திக்குக் கிடைத்த இடம். ஆயிரம் விதைகள் சேர்ந்தாலும் ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு சிறிய விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால், அடர்ந்த புல்லுக்கு அடியில் அது தலையெடுக்க முடியாது. இலையுதிர்காலத்து ஈரத்தில் முளைத்து, குளிர்காலத்தைத் தரையோடு படிந்த இலைக்கொத்தாகக் கடத்தி, வசந்தத்தில் பூத்து, கோடை வெயில் மண்ணைக் கல்லாக்குவதற்குள் விதையையும் உதிர்த்துவிடுகிறது. ஆகவே உப்பை அது விரும்புகிறது என்பதைவிட, மற்றவை தாங்க முடியாததைத் தாங்கிப் போட்டியில்லாமல் வாழ்கிறது என்பதே பொருத்தம்.

பதில் – மூலிகைக் கடைக்காரர்

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் காட்டுப் பூவுக்கே மணம் அதிகம் என்கிறார்கள். செடி துன்பப்பட்டால்தான் எண்ணெய் ஊறும் என்பது என் எண்ணம். ஒருமுறை பெயர் பெற்ற ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிய மூட்டையைப் பிரித்தபோது பாதிக்கு மேல் காம்பும் தூளும்தான் இருந்தன. அதைக் கொதிநீரில் போட்டால் வைக்கோல் வாடைதான் வந்தது.

பதில் – மருந்தியல் ஆசிரியர்

மேலே சொன்ன எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. வாசனை எண்ணெயின் அளவையும் தன்மையையும் முதன்மையாகத் தீர்மானிப்பவை செடியின் மரபு வகையும், வெயிலும் வெப்பநிலையும்தான். மண்ணின் பங்கு அவற்றைவிடக் குறைவு. உங்கள் மூட்டையின் குறை காம்பில் இருக்கிறது. எண்ணெய் பெரும்பாலும் பூத்தலையில்தான் உண்டு. ஐரோப்பிய மருந்து நூலின்படி ஒரு கிலோ உலர்ந்த பூவில் குறைந்தது 4 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்க வேண்டும். அதனால்தான் ஹங்கேரியில் சீப்புப் போன்ற பற்களுள்ள கருவியால் தலையை மட்டும் வாரியெடுத்து, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துகிறார்கள். அந்த எண்ணெயை நீராவியில் வடித்தால் கருநீலமாக வருவதைக் கண்டு பலர் கலப்படம் என்று ஐயப்படுவார்கள். பூவில் நிறமற்றிருக்கும் மேட்ரிசின் என்ற பொருள் வெப்பத்தில் சாமசுலீன் என்ற நீலப் பொருளாக மாறுவதே அதற்குக் காரணம்.

இதைப்போலவே தோன்றும் மணமற்ற செடிகள் உண்டு. நகத்தால் ஒரு பூத்தலையை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: உண்மையான சீமைச்சாமந்தியின் மஞ்சள் மேடு கூம்பாக எழும்பி உள்ளே பொள்ளலாக இருக்கும், மற்றவற்றில் உள்ளே நிரம்பியிருக்கும். ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தால் தும்மல் வருபவர்கள் (ஹங்கேரியில் அவர்கள் ஏராளம்) இந்தத் தேநீரைக் கவனத்தோடு குடிக்க வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம். ஹொர்டொபாஜ் 1973 முதல் தேசியப் பூங்கா என்பதால் அனுமதியின்றி அங்கே பறிக்காதீர்கள்.

கடலூர் நிலத்தைப் பொறுத்தவரை, லக்னோ வட்டாரத்துக் களர் மண்ணில் இதைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள்; ஆனால் அங்கே குளிர்காலம் உண்டு, கடலூரில் அது இல்லை. களரைத் திருத்த மாமாவுக்கு ஜிப்சமும், பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டும் போதும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. அனுமதி வேண்டும் என்று அறியாமல் சாலையோரத்தில் மூன்று பூவும் புல்வெளிக்குள் இரண்டும் பறித்து ஒரே காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். இனிப் பறிக்க மாட்டேன். இப்போது ஐந்தையும் பிளந்து பார்த்தேன். புல்வெளிக்குள் பறித்த இரண்டும் பொள்ளல். சாலையோரத்து மூன்றும் உள்ளே கெட்டியாக இருக்கின்றன. ஒரே மடிப்பில் கிடந்ததால் அவற்றுக்கும் மணம் ஒட்டியிருந்திருக்கிறது.