டிரான்சமினேசுக்கு ‘அமினோ பெயர்ப்பு நொதி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

டிரான்சமினேஸ் (transaminase) என்னும் நொதிக்கு (என்சைமுக்கு) எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற நம் உரையாடலில் ‘அமினோ மாற்றி’, ‘கடத்தி’ ஆகியவை பேசப்பட்டன; ‘கல்லீரல் நொதி’ என்பதே போதும் என்ற கருத்தும் வந்தது. இவற்றுள் ‘அமினோ மாற்றி’ சொல்வதற்கு எளிதுதான். ஆனால் அந்த நொதி செய்யும் வேலையை அது உணர்த்தவில்லை என்பது என் எண்ணம். அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கழலும் அமினோ தொகுதி (நைட்ரஜன் கொண்ட அணுக்கூட்டம்) ஆல்பா கீட்டோகுளுட்டாரேட் என்னும் மூலக்கூறில் போய்ச் சேர்கிறது; கொடுத்தது பைருவேட்டாகவும், பெற்றது குளுட்டமேட்டாகவும் ஆகின்றன. இடையில் அத்தொகுதியை வாங்கி வைத்திருந்து கொடுப்பது, வைட்டமின் பி6 இலிருந்து உண்டாகும் பிரிடாக்சால் பாஸ்பேட் என்னும் துணைநொதி (நொதிக்கு உதவும் சிறு மூலக்கூறு). அமினோ தொகுதி வேறொன்றாக மாறுவதில்லை, இடம்தான் பெயர்கிறது. 1937இல் சோவியத் உயிர்வேதியியலாளர்களான பிரான்ஸ்டைனும் கிரிட்ஸ்மனும் புறாவின் மார்புத் தசையில் கண்டறிந்ததும், அம்மோனியா தனியே வெளிப்படாமல் நடக்கும் இந்தக் கைமாற்றத்தைத்தான்.

மேலும், ‘மாற்றியம்’ என்பது ஐசோமெரிசத்துக்கு (அதே அணுக்கள் வேறு அமைப்பில் இருப்பதற்கு) வேதியியல் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல். நாளை அத்தகைய அமைப்பு மாற்றத்தைச் செய்யும் நொதியான ஐசோமரேசுக்குச் சொல் தேடுவோர் அந்த வேரையே நாடுவர். ‘கடத்தி’ என்றாலோ, செல் சவ்வின் வழியே பொருள்களைக் கொண்டுசெல்லும் புரதங்களோடு குழப்பம் வரும்.

நாற்றைப் பெயர்த்து நடுகிறோம். அந்த வினை இங்கு அப்படியே பொருந்துகிறது. ‘பெயர்ச்சி’ என்றால் தானே நகர்வது (குருப்பெயர்ச்சிக்கு யாரும் கை கொடுப்பதில்லை). நொதி பெயர்த்து வைப்பதால் பிறவினையான ‘பெயர்ப்பு’ வேண்டும். இப்படித் தொகுதிகளைப் பெயர்த்து வைக்கும் நொதிகளின் பெருங்குடும்பமான டிரான்ஸ்ஃபரேஸ் முழுவதையும் ‘பெயர்ப்பு நொதிகள்’ என்று கொண்டால், மெத்தில் பெயர்ப்பு நொதி, அசிட்டைல் பெயர்ப்பு நொதி என்று வரிசையும் தடையின்றி நீளும்.

‘கல்லீரல் நொதி’ என்பதே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் டிரான்சமினேசுகள் இரண்டு: அலனினிலிருந்து அமினோ தொகுதியைப் பெயர்ப்பது எஸ்.ஜி.பி.டி. (SGPT), அஸ்பார்டேட்டிலிருந்து பெயர்ப்பது எஸ்.ஜி.ஓ.டி. (SGOT). எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கு உரியது என்பது உண்மையே, எஸ்.ஜி.ஓ.டி.யோ இதயம், எலும்புத்தசை, சிவப்பணு ஆகியவற்றிலும் நிறைய உள்ளது. 1954இல் நியூயார்க் மருத்துவர்கள் அதன் ஏற்றத்தை முதலில் கவனித்தது மாரடைப்பு நோயாளிகளின் இரத்தத்தில்தான். செல் சிதையும்போது கசிந்து இரத்தத்தில் கலப்பவை இவை. ஆகவே சிதைவைக் காட்டுமேயன்றிக் கல்லீரல் எவ்வளவு திறமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டா. முற்றிய கல்லீரல் இறுக்கத்தில் (சிரோசிஸ்), சிதைவதற்குச் செல்களே குறைந்துபோனதால், அளவு இயல்பாகவே இருப்பதும் உண்டு. மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம். குடிப்பழக்கத்தால் பி6 குறைந்து, எஸ்.ஜி.பி.டி.யின் செயல்பாடு தாழ்வதும் அதற்கு ஒரு காரணம்.

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்னும் இவ்விரு சுருக்கங்களும் அப்படியே நிற்கட்டும். நோயாளிகள் அவற்றைத்தான் அறிவர். கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் முறையே ‘அலனின் அமினோ பெயர்ப்பு நொதி’, ‘அஸ்பார்டேட் அமினோ பெயர்ப்பு நொதி’ என எழுதலாம். ‘நொதி’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் ‘நொதியம்’ ஈற்றில் வந்தாலும் முற்பகுதி இருநாட்டுக்கும் பொதுவாக நிற்கும்.