திருகோணமலையில் கேம் கசெட்டுக்குப் பெட்டி செய்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளியிலிருந்து:

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வீட்டில் பெட்டி செய்வது பெரும்பாலும் தொலைந்துபோன அசல் பெட்டிக்கு ஈடாகத்தான். நம்மிடம் தொலைப்பதற்கு என்ன இருந்தது? 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபமிகொம் என்ற வீடியோ கேம் கருவியைப் பார்த்துச் செய்த நகல் கருவிகளில்தான் நம்மில் பலர் விளையாடினோம். அவற்றின் கசெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள், பல நேரம் அதுவும் இல்லை. மேலே 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் கொஞ்சக் கேம்களே பெயர் மாற்றி மாற்றி வரும்.

இந்தக் கசெட்டுக்கு ஜப்பானியப் பெட்டியின் படத்தை இறக்கி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் செய்யும் பெட்டியின் பின்பக்கத்தில், உள்ளே உண்மையில் என்னென்ன கேம்கள் இருக்கின்றன என்ற பட்டியலைப் போடுகிறேன். முன்பக்கத்தில் கசெட்டின் ஸ்டிக்கரையே பெரிதாக்கி அச்சிடுகிறேன், கிழிசல், கறை எல்லாவற்றோடும். ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதைக் கணினியில் துப்புரவாக்கியிருக்கலாமே" என்றான். துப்புரவாக்கினால் அது வேறு யாருடையவோ கசெட் ஆகிவிடும்.

கைவேலை எனக்கு வந்தது மத்திய வீதிப் பக்கம் பதிவேடுகளுக்கு மட்டை கட்டும் ஓர் ஐயாவிடமிருந்து. நான் கொண்டுபோன அட்டையை அவர் அளக்கவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெதுவாக வளைத்தார். "தம்பி, இந்தப் பக்கம் இணங்குகிறது, அந்தப் பக்கம் முறைக்கிறது. இணங்குகிற பக்கமாக மடிப்பை வையுங்கள்" என்றார். அட்டையின் நார் ஓடும் திசையைச் சொன்னார். நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். நாரின் போக்கிலே மடித்தால் விளிம்பு கத்திபோல் நிற்கும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனையால் அடிமட்டம் வைத்து அழுத்தி இழுத்தால் போதும்.

இன்னொன்றும் சொன்னார். வெளிப்பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், பசை காய்கையில் தாள் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். ஆகவே உள்பக்கமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். அவர் கோதுமை மா பசையில் துருசு சிறிது கலப்பார், இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சி பசைக்காகவே வந்து தாளை அரித்துவிடும். துருசு நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடையில் வாங்கும் வெள்ளைப் பசையே நல்லது.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து:

அண்ணா சொன்ன கசெட் என்னிடம் இல்லை. என் சேகரிப்பு முழுவதும் பிளேஸ்டேஷன் 2 கருவியின் கேம் வட்டுகள். அதன் பெட்டி சாதாரண டிவிடி பெட்டிதான்: உயரம் 190, அகலம் 135, தடிப்பு 14 மில்லிமீற்றர். ஒரு தொடரின் ஐந்து பாகங்களைச் சேர்த்து வைக்கக் கூடு செய்தால் உள்ளகலம் 70 வரும் என்று கணக்குச் சொல்லும். அப்படி வெட்டினால் ஐந்தாவது நுழையாது. தாராளமாக விட்டால் கூட்டைச் சாய்த்தவுடன் எல்லாம் வழுக்கி விழும். 71, மிஞ்சினால் 72. வாய்ப்பக்கம் விரல் போக ஓர் அரைவட்டம் வெட்டிவிடுங்கள், ஒரு நாணயத்தை வைத்துக் கோடு கீறினால் அழகாக வரும்.

தலைவலி அச்சுக் கடையில்தான். பெட்டிக்குள் செருகும் தாள் ஏறக்குறைய 273க்கு 183, ஏ4இல் நன்றாக அடங்கும். ஆனால் கடைத் தம்பி "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அழுத்திவிடுவார், படம் சற்றே சுருங்கிவிடும். திரையில் தெரியாது, வீட்டில் செருகும்போதுதான் முதுகு எழுத்து ஓரத்துக்கு ஓடியிருக்கும். அதனால் என் கோப்பு ஒவ்வொன்றிலும் வெட்டி எறியும் ஓரத்தில் சரியாக 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். அடிமட்டம் பையில் இருக்கும். காசு கொடுக்கும் முன் கோட்டை அளப்பேன். தம்பிக்கு என் முகத்தைக் கண்டாலே இப்போது சிரிப்பு.

நிலாவெளியிலிருந்து:

நான் கண்ணாடிபோல் தெரியும் பெட்டி செய்கிறேன், பெயர்ப்பலகை செய்யும் கடையில் மிஞ்சும் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் துண்டுகளில். அங்கே குளோரோஃபோம் தொட்டு ஒட்டுகிறார்கள். பசை என்று ஒன்றில்லை. இரண்டு விளிம்பும் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. ஆவி ஆபத்தானது, வெட்டவெளியில் அவர்களே ஒட்டித் தரட்டும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பெட்டியை நாலாபக்கமும் இறுக மூடாதீர்கள். மார்கழி மழையில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஸ்டிக்கரில் பூஞ்சணம் பிடிக்கும். நான் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாவற்றையும் திறந்து காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிவிடுவேன். வெயில் நேரே படும் அலுமாரி வேண்டாம். கொப்பிக்கு உறை போடும் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கும் வேண்டாம், நாளாக நாளாக அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும்.

சென்ற சுற்றுலாப் பருவத்தில் எங்கள் விடுதிக்கு வந்த ஒருவர், ‘கேம் போய்’ (Game Boy) என்ற கைக்கருவியின் கசெட்டுக்கு நான் செய்த பெட்டியொன்றை அசல் என்றே நினைத்து விலை பேச வந்துவிட்டார். உள்மடலைத் திறந்து "வீட்டில் செய்தது" என்று நான் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் கசெட்டை விட்டுவிட்டு, பெட்டி மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். கொடுக்கவில்லை. எழுதாத பெட்டி கை மாறினால் நாலாவது ஆளிடம் அசலாகவே விற்கப்படும். ஓர்ஸ் ஹில் தம்பியும் உங்கள் கூடுகளுக்குள் எழுதிவிடுங்கள்.

உப்புவெளியிலிருந்து:

எழுதுவது நல்ல பழக்கம், இனி நானும் ஆண்டோடு எழுதுகிறேன். மட்டை கட்டும் ஐயாவிடம் முழு அட்டையாகத்தான் வாங்கலாம். ஒருவருக்கு அது அதிகம், பாதி வீணாகும். யாராவது பங்குக்கு வருவதாக இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கள், உங்கள் அளவுக்கே வெட்டி வாங்கி வைக்கிறேன். அளவை மில்லிமீற்றரில் தாருங்கள், விரல்கடையில் வேண்டாம்.