மறு: ‘இயற்கை ஓட்டம்’ சரியா?

வணக்கம் ஐயா,

> ஆற்றில் அளந்த ஓட்டத்தோடு மனிதர் எடுத்த நீரைக் கூட்டினால் வருவதை ‘இயற்கை ஓட்டம்’ என்றே சொல்லிவிடலாமே.

நீங்கள் எழுதிய இந்தக் கலைச்சொல் எனக்கு ஒத்துவரவில்லை. இயற்கை என்றதும் யாரோ ஆற்றங்கரையில் நின்று அளந்தது போலத் தோன்றும். இதுவோ கணக்குப் போட்டு எடுக்கும் எண். மேலே வாய்க்காலிலும் பம்பிலும் எடுத்ததைக் கூட்டி, தோட்டத்தில் கசிந்து ஆற்றுக்கே திரும்பியதைக் கழித்து, நடுவில் நீர்த்தேக்கம் இருந்தால் அதன் ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க வேண்டும். இத்தனை கைபட்டதற்கா இயற்கை என்று பெயர்?

சிலியின் எல்க்கிப் பள்ளத்தாக்கை எடுங்கள். ஆறு கடலைச் சேரும் லா செரீனாவில் 100 மில்லிமீற்றர் மழைகூட எட்டாத ஆண்டுகள் பல. (இங்கே யாழ்ப்பாணத்தில் 1,200க்கு மேல் பெய்தும் எங்களுக்கென்று இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மிச்சத்தைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும்.) அங்கே அந்தீசு மலைப்பனி உருகித்தான் ஆறு, அதையும் திராட்சைத் தோட்டங்கள் வழிமறித்து எடுக்கின்றன. எடுப்பைச் சேர்க்காமல், ஆற்றோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியை அளந்த ஓட்டத்துக்குப் பொருத்தினால், தோட்டம் குடித்ததை மண்ணும் வெயிலும் குடித்ததாக அது பழகிக்கொள்ளும். தோட்டம் கூடினாலோ குறைந்தாலோ கணக்குப் பிசகும். சொட்டுநீருக்கு மாறினால் இன்னும் சிக்கல்: எடுப்புக் குறையும், திரும்பும் நீரும் சேர்ந்து குறையும். எங்கள் தோட்டக்காரருக்கு இது புதிதல்ல, இறைத்ததில் ஒரு பங்கு செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கே வரும்.

முதலில் ‘பாவனை நீக்கிய ஓட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். எங்களுக்குப் பாவனை என்றால் பயன்பாடு. பாவனை என்றால் நடிப்பு என்று கொள்ளும் உங்கள் தமிழ்நாட்டு மாணவர் ‘நடிக்காத ஆறு’ என்று வாசித்துவிடுவார்! சரி, விட்டேன். ‘இறைப்பு நீக்கிய’ என்றால், மலையில் நீர் தானாகவே வாய்க்காலில் இறங்குகிறது, இறைப்பு ஏது? ‘எடுப்பு நீக்கிய’ என்று மாற்றினேன். அப்புறம்தான் உறைத்தது, ‘நீக்கிய’ என்பது கழித்தது போலக் கேட்கிறது, நாம் செய்வதோ கூட்டல்.

அதனால் ‘மீட்டெண்ணிய ஓட்டம்’. வெறும் ‘மீட்ட ஓட்டம்’ என்றால் வற்றிய ஆற்றுக்கு யாரோ உயிர் கொடுத்த மாதிரி இருக்கும். ‘எண்ணிய’ சேர்ந்தால் இது தாளில் நடந்த மீட்பு என்பது விளங்கும். நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.

திரும்பும் நீருக்கு இப்போதைக்கு ‘மீள்வரத்து’ என்று போட்டிருக்கிறேன். உங்கள் பொறியாளர்களிடம் புழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.